ஸ்போர்ட்ஸ் காருக்கு எத்தனை பிஎஸ்ஐ? மே வெயிலுக்கு ஒரு கணக்கு, மார்கழி மழைக்கு ஒரு கணக்கா?

வாவிக்கரை (கல்லடி):
2013ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா 86 ஒன்றை வாங்கியிருக்கிறேன். பாவித்த வாகனம்தான். நான்கு டயர்களும் தேய்ந்து முடியும் நிலையில் உள்ளன. கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் டயர் அளவு 215/45 ஆர்17 (அகலம் 215 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்), காற்றழுத்தம் முன்னும் பின்னும் 240 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 35 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல்) என்று இருக்கிறது. டயர் கடைக்காரர் 18 அங்குல ரிம்மும் 225/40 டயரும் போடச் சொல்கிறார். காற்றடிக்கும் பையன், வெயில் காலத்தில் 30க்கு மேல் போனால் வெடிக்கும் என்கிறான். நண்பன் ஒருவன் 28 போதும், பிடிமானம் கூடும் என்கிறான். அதிகமாக ஓடுவது மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கம். அவ்வப்போது செங்கலடியில் திரும்பி பதுளைக்குப் போவேன். யார் சொல்வதைக் கேட்பது?

சக்கரவியூகம் (களுவாஞ்சிக்குடி):
தாளில் உள்ளதைக் கேளுங்கள் தம்பி. 215/45 ஆர்17, 35 பிஎஸ்ஐ. காலையில், வாகனம் ஓடுவதற்கு முன்னர், வெயில் படாத இடத்தில் வைத்து அளந்தது. இதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

காத்தான்குடிக் காக்கா:
சொல்ல நிறைய இருக்கிறது. என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. அதற்குக் கம்பனியே சொல்வது 26 பிஎஸ்ஐதான். 26இலேயே வளைவுகளைக் கவ்விக்கொண்டு போகிறது. காற்றுக் குறைந்தால் டயர் தரையில் பரந்து பதியும், பிடி கூடும். கட்டுக்குருந்தையில் தார் ஓடுபாதையில் பந்தயம் ஓட்டுபவர்களும் குளிர்ந்த டயரில் காற்றைக் குறைத்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். நமது மே மாத வெயிலில் 35 அடித்துக்கொண்டு புறப்பட்டால் கல்முனை போய்ச் சேரும்போது 39, 40 காட்டும். அந்த 4 பிஎஸ்ஐயை இறக்கிவிடுவதில் என்ன குற்றம்?

சக்கரவியூகம் (களுவாஞ்சிக்குடி):
குற்றம் இருக்கிறது காக்கா. உங்கள் கார் ஆயிரம் கிலோவுக்கும் குறைவு, டயர் 185/60 ஆர்14. தம்பியின் கார் ஏறத்தாழ 1,250 கிலோ. டயரின் பக்கச் சுவரும் உங்களுடையதைவிடத் தாழ்ந்தது. ஒரு காரின் எண்ணை இன்னொரு காருக்குக் கொண்டுபோனால் எப்படிச் சரிவரும்?

வெயில் கணக்கைக் கேளுங்கள். டயருக்குள் வெப்பம் 10 பாகை கூடினால் அழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐக்குச் சற்று மேல் கூடும். ஓட்டத்தில் 25 பாகை ஏறினால் 4 பிஎஸ்ஐ. இப்படி ஏறும் என்று தெரிந்துதான் தாளில் குளிர்ந்த அளவைப் போட்டிருக்கிறார்கள். பல டயர்களின் பக்கச் சுவரிலேயே உச்ச அழுத்தம் 44 என்றோ 51 என்றோ அச்சிட்டிருக்கும். 40 கண்டு பயப்படத் தேவையில்லை. சூடான டயரில் 4ஐ இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் 31தான் மிஞ்சும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடங்கலே வெப்பத்தைக் கூட்டும். வெடிப்புக்குப் பயந்து காற்றை இறக்குபவர்தான் வெடிப்புக்கு வழி செய்கிறார். காற்றடிக்கும் பையன் சொன்னது நேர்த் தலைகீழ்.

காத்தான்குடிக் காக்கா:
பந்தயக்காரர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே?

சக்கரவியூகம் (களுவாஞ்சிக்குடி):
அவர்கள் சூடான டயரில் எத்தனை வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்து, அதற்கேற்பக் குளிர்ந்த அளவைக் குறைக்கிறார்கள். சில சுற்றுகளில் ரப்பர் கொதித்து அந்த அளவுக்கு ஏறிவிடும். பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போகும் டயர் அப்படிச் சூடாகாது. 28இல் தொடங்கினால் 30ஐச் சுற்றியே நிற்கும்.

சம்மாந்துறை நாலாம் கியர்:
இரண்டு பேரும் காற்றையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவனுக்கு டயர்தானே முதல் கேள்வி? 18 அங்குலம், 225/40, தேய்மான எண் 200 உள்ள, சீக்கிரம் தேய்ந்தாலும் நன்றாகப் பிடிக்கும் ஒட்டும் ரப்பர். கார் பார்க்கவும் நன்றாக இருக்கும், வளைவிலும் நிற்கும். கம்பனி போட்டுக் கொடுத்தது மிஷ்லின் பிரைமசி எச்பி, டொயோட்டாவின் சிக்கனக் காரான ப்ரியஸுக்கும் போட்ட டயர். சிக்கனக் காரின் டயரை ஸ்போர்ட்ஸ் காரில் வைத்திருப்பது வெட்கம்.

செங்கலடிச் சந்தி:
அந்த டயரை வேண்டுமென்றேதான் போட்டார்கள் தம்பி. மிதமான வேகத்திலேயே பின்பக்கம் மெல்ல நழுவுவதை ஓட்டுபவர் உணர வேண்டும் என்பது அந்தக் காரின் வடிவமைப்பு. பிடி மிகுந்த டயர் போட்டால் நழுவல் தாமதமாக வரும், வரும்போது வேகமும் கூடியிருக்கும். அதைச் சமாளிக்கும் கை எத்தனை பேரிடம் இருக்கிறது?

225/40 ஆர்18 போட்டால் மொத்த விட்டம் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் பக்கம் நகரும். 18தான் வேண்டுமென்றால் 215/40 பொருத்தமானது, விட்ட வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பக்கச் சுவர் 97 மில்லிமீற்றரிலிருந்து 86க்கு இறங்கிவிடும். மகாஓயாப் பக்கம் இருட்டில் ஒரு குழியில் விழுந்தால் அந்தப் பதினொரு மில்லிமீற்றரின் அருமை ரிம்முக்குத் தெரியும்.

உங்கள் எல்லோரிடமும் எனக்கு ஒரு கோபம். மே மாதத்தை வைத்தே பேசுகிறீர்கள். நமக்கு டயர் தேர்வு என்றால் கார்த்திகையும் மார்கழியும்தான். வடகீழ்ப் பருவமழையில், கல்முனை, பொத்துவில் பக்கம் போகும் ஏ4 வீதியின் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். அங்கே டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதந்தால் ஸ்டீயரிங், பிரேக் இரண்டும் வெறும் அலங்காரம். நாசா ஆய்வாளர் ஹோர்ன் 1960களில் தந்த கணக்குப்படி, மிதக்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். 35 பிஎஸ்ஐக்கு மணிக்கு ஏறத்தாழ 98 கிலோமீற்றர், 28க்கு 88. காற்றைக் குறைத்தால் அந்தப் பத்துக் கிலோமீற்றரையும் தூக்கிக் கொடுக்கிறீர்கள். அகலமான டயருக்கும், தண்ணீரை வெளியேற்றும் கோடுகள் ஆழமில்லாத டயருக்கும் இன்னும் முன்னதாகவே மிதக்கும். நாலாம் கியர் சொல்லும் ஒட்டும் ரப்பரில் பலவற்றுக்குக் கோடுகளே குறைவு.

காத்தான்குடிக் காக்கா:
தங்கச்சி, அது விமான டயரை வைத்துச் செய்த கணக்கு. நமது வீதியில் சட்டப்படி 70தான். 88இல் மிதந்தால் என்ன, 98இல் மிதந்தால் என்ன?

செங்கலடிச் சந்தி:
விமானத்துக்குச் செய்ததுதான் காக்கா. காருக்கு அது அண்ணளவு. தேய்ந்த டயர், ஆழமான தண்ணீர் என்றால் அதற்கும் கீழேயே மிதக்கலாம். அதனால்தான் இடைவெளி வேண்டும் என்கிறேன். 70இல்தான் ஓடுகிறோம் என்று நீங்களே நம்பினால் ஒட்டும் ரப்பரும் வேண்டாம், 28 பிஎஸ்ஐயும் வேண்டாம்.

வாவிக்கரை (கல்லடி):
அக்கா, 17 அங்குலத்திலேயே நிற்கிறேன். ஆனால் கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு நல்ல டயர்தான் வரும். முன்னுக்குப் போடவா? திருப்புவது முன்சக்கரம்தானே.

சம்மாந்துறை நாலாம் கியர்:
முன்னுக்கே. பிரேக்கின் பெரும்பாரமும் முன்னேதான் விழுகிறது.

சக்கரவியூகம் (களுவாஞ்சிக்குடி):
பின்னுக்கு. முன்பக்கம் வழுக்கினால், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும். உங்களுடையது பின்சக்கரம் இழுக்கும் கார் வேறு. ஆனால் என் மனத்தில் உள்ளது, முன்னும் பின்னும் வேறு வேறு டயர் போட வேண்டாம். மழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, சேர்த்து நான்காக வாங்குங்கள். நடுத்தர விலையில் ஈரத்தில் நன்றாக நிற்கும் டயர்கள் இருக்கின்றன. கடையில் பக்கச் சுவரின் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கோடுகள் புதிதாக இருக்கும், ரப்பரோ கட்டியாகியிருக்கும். விலை குறைவு என்று அதை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

சம்மாந்துறை நாலாம் கியர்:
நைட்ரஜன் அடித்தால் இந்த 35, 39 பிரச்சினையே வராதாமே?

செங்கலடிச் சந்தி:
சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் அதுவும் ஏறத்தாழ அதே அளவுதான் ஏறும். அந்தக் காசில் ஒரு நல்ல அழுத்தமானி வாங்கலாம். பெற்றோல் நிலைய மானிகள் ஒன்றுக்கொன்று ஒத்துக் காட்டுவதில்லை. இங்கே 28க்கும் 35க்கும் சண்டை பிடிக்கிறோம், அதில் பாதி மானியின் பிழையாகவும் இருக்கலாம்.

காத்தான்குடிக் காக்கா:
என் மானி சரியானது. என் மாஸ்டா 26இலேயே ஓடும், அதை யாரும் தொட முடியாது. வாவிக்கரைத் தம்பி, 35இல் ஒரு கிழமை ஓட்டுங்கள், பிறகு 33இல் ஒரு கிழமை. முதுகு எது நல்லது என்று சொல்கிறதோ அதை இங்கே எழுதுங்கள்.

சக்கரவியூகம் (களுவாஞ்சிக்குடி):
33 வரை நானும் சண்டைக்கு வரமாட்டேன். காலையில் அளந்த 33 என்றால் மட்டும்.

வாவிக்கரை (கல்லடி):
நான்கு டயருக்கும் சொல்லிவைத்துவிட்டேன், 215/45 ஆர்17. கடைக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. காக்கா, உங்கள் மானியைச் சனிக்கிழமை காலையில் கொண்டுவருவீர்களா? என்னுடையதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.