ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து 5 மாதம்: சாப்பாட்டிலேயே சத்து முழுவதும் கிடைக்குமா?

தண்டையார்பேட்டை தையல்காரி

வணக்கம். எனக்கு 39 வயது. வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். 5 மாதத்துக்கு முன்னால் எடை குறைய ஸ்லீவ் ஆபரேஷன் (வயிற்றில் பெரும்பங்கை வெட்டி எடுத்து, மீதியைக் குழாய் மாதிரி ஆக்குவது) செய்துகொண்டேன். 112 கிலோ இருந்தேன், இப்போது 84. சர்க்கரை மாத்திரை பாதியாகக் குறைந்துவிட்டது. அதில் எனக்கு மனநிறைவுதான்.

ஆனால் ஒரு மாதமாக முடி கொத்துக் கொத்தாக வருகிறது. சீப்பைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. மத்தியானம் ஆனால் ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெம்பில்லை. தினமும் 60 கிராம் புரதம் சாப்பிடச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் இருக்கும் ப்ரோக்கோலியும் ஓட்ஸும் எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. புரோட்டீன் பவுடரைக் கலக்கினால் வாசனையிலேயே குமட்டுகிறது, டப்பா விலையும் கட்டுப்படியாகவில்லை.

நான் சாப்பிடுவது: காலையில் ஒரு இட்லி, 11 மணிக்கு அம்மா காய்ச்சிக் கொடுக்கும் ராகிக் கஞ்சி ஒரு டம்ளர், மதியம் மூன்று கரண்டி ரசம் சாதம், சாயந்திரம் டீ, ராத்திரி அரை தோசை. வாரத்தில் மூன்று நாலு தடவை மதியச் சாப்பாடு வாந்தியாகிவிடுகிறது. இரும்பு மாத்திரையை டீயோடு போடுகிறேன், கால்சியம், சத்து மாத்திரை எல்லாம் ராத்திரி சேர்த்து. மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. நல்ல சாப்பாடு சாப்பிட்டால் இந்த மாத்திரைகளை நிறுத்திவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மீன்காரம்மா மகள்

தங்கச்சி, எனக்கும் ஸ்லீவ்தான், 6 வருடம் ஆகிறது. எங்கள் அம்மா காசிமேட்டில் மீன் விற்றவர், அதனால் மீனிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் உன் கணக்கைப் பார். ஒரு இட்லியில் புரதம் 2 கிராம்தான் இருக்கும். கஞ்சி, சாதம், டீ, தோசை எல்லாம் கூட்டினாலும் 15 கிராம் தேறாது. சின்ன வயிற்றை மாவுச்சத்து அடைத்துக்கொள்கிறது, புரதத்துக்கு இடமில்லை. பவுடர் இல்லாமலே இதைச் சரிசெய்யலாம். தட்டில் முதல் வாய் புரதமாக இருக்க வேண்டும், சாதம் கடைசி. வயிறு நிறைந்து இரண்டு வாய் மிச்சமானால் அது சாதமாக இருக்கட்டும்.

நான் தேறியது கிழங்கான் மீனில். பூ மாதிரி உதிரும், முள் எடுப்பது சுலபம். புளி, காரம் குறைத்து, தேங்காய் அதிகம் அரைக்காமல் கொதிக்கவிட்டு, குழம்பை வழித்துவிட்டு மீனை மட்டும் சாப்பிடுவேன். 50 கிராம் மீனில் சுமார் 10 கிராம் புரதம். சுறாப்புட்டு இன்னும் சுலபம், ஏற்கெனவே உதிர்த்ததுதானே. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா ஆக்கிக் கொடுப்பார்களே, அதே பக்குவம்தான், எண்ணெய் மட்டும் கம்மி. நெத்திலியை முள்ளோடு மென்றால் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தும் சேரும். வறுவல் வேண்டாம், நெஞ்சில் நிற்கும். கருவாட்டில் உப்பு அதிகம், எப்போதாவது போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, விலை ஏறிவிடும். அப்போது முட்டை. ஒன்றில் 6 கிராம். அவித்த முட்டை முதலில் எனக்குக் கல் மாதிரி உட்கார்ந்தது, அடை தட்டாமல் குழைவாகக் கிளறினால் இறங்கியது. கஞ்சியை நிறுத்த வேண்டாம், அம்மா மனசு கஷ்டப்படும். தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சச் சொல், ஆடை நீக்கிய பால் பவுடர் இரண்டு கரண்டி போடச் சொல், வெல்லம் வேண்டாம். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து கெட்டியாகும், அதில் அரைக் கிண்ணம் சாயந்திரம் சாப்பிடு. சைவ நாளில் பாசிப்பருப்புக் கடையல், பன்னீர், அல்லது மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து கைமா மாதிரி அரைத்துச் செய்வது. காய்ந்த மீல்மேக்கரில் பாதி எடை புரதம்தான்.

இனி மாத்திரை. இதைத் தயவுசெய்து நிதானமாகப் படி.

நானும் உன்னைப் போலத்தான் நினைத்தேன். தினமும் மீன் சாப்பிடுகிறவளுக்கு என்ன குறை என்று இரண்டாவது வருடம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருடம் பாதம் மரத்தது. ஒரு நாள் காலிலிருந்து செருப்பு கழன்றதே தெரியாமல் நாலு கடை தாண்டி நடந்திருக்கிறேன், பின்னால் வந்த பையன் எடுத்துக் கொடுத்தான். சோதித்தபோது பி12 அடிமட்டம். மீனில் பி12 நிறைய உண்டு, நான் சாப்பிட்டதும் உண்மை. ஆனால் அதை உடம்பு எடுத்துக்கொள்ள வயிறு சுரக்கும் அமிலமும் ஒரு புரதமும் வேண்டும். அதைச் சுரக்கும் பகுதியில் பெரும்பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஈரலில் பழைய சேமிப்பு இருப்பதால் வருடக்கணக்கில் வெளியே தெரியாது. ஊசி போட்டு, மரப்பு போக 8 மாதம் ஆயிற்று. இடது சுண்டுவிரலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

புரதத்தைச் சாப்பாட்டில் எடு. மாத்திரையை வாழ்நாள் முழுக்க விடாதே. நேரத்தை மட்டும் மாற்று. டீ இரும்பை உள்ளே விடாது. மதியத்துக்கு முன் எலுமிச்சைச் சாற்றுடன் போடு, ஒரு மணி நேரம் முன்பின் டீ வேண்டாம். கால்சியத்தோடும் சேராது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியத்தை ஒரே வேளையில் போடாமல் 500 மில்லிகிராமாகப் பிரித்துப் போடு. அட்டையைத் திருப்பிப் பார், கார்பனேட் என்றிருந்தால் சிட்ரேட் கேள், அமிலம் குறைந்த வயிற்றுக்கு அதுதான் சேரும். எரிச்சலை டாக்டரிடம் சொல், வேறு இரும்பு மாத்திரை எழுதித் தருவார்.

முடி எனக்கும் நாலாவது மாதம் கொட்டியது. வேகமாக எடை குறைந்தால் அப்படித்தான், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். புரதமும் இரும்பும் குறைந்தால்தான் இழுத்துக்கொண்டே போகும். ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை), பி12, வைட்டமின் டி பார்த்தாயா?

வியாசர்பாடி ஷேர் ஆட்டோ

சகோதரி, எனக்கு பைபாஸ் (இதயத்துக்கு இல்லை, எடை குறைய வயிற்றில் செய்வது), 3 வருடம். அக்கா சொன்னதற்கு மேல் தண்ணீர் பற்றி ஒன்று. சாப்பிடும்போது குடிக்காதீர்கள், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மதியம் வாந்திக்கு ரசமும் சாதமும் சேர்ந்து இறங்குவதே காரணமாக இருக்கலாம். மற்ற நேரம் முழுவதும் வாய் வாயாகக் குடியுங்கள். வண்டியில் 1 லிட்டர் பாட்டில் இரண்டு வைத்திருக்கிறேன், ராத்திரி வண்டி விடும்போது காலியாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

இனிப்பும் கவனம். சவுகார்பேட்டையில் ஒரு டம்ளர் லஸ்ஸி குடித்துவிட்டு பத்தே நிமிடத்தில் வேர்த்து, படபடத்து, வண்டியை ஓரம் கட்டிப் படுத்துவிட்டேன். பைபாஸ்காரர்களுக்கு அதிகம், ஸ்லீவுக்கும் வரலாம் என்றார்கள்.

இரவு டியூட்டி நர்ஸ்

ஷிஃப்ட் முடிந்து எழுதுகிறேன். எல்லோரும் முடியைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு அந்த வாந்திதான் கவலையாக இருக்கிறது. 5 மாதம் கழித்தும் வாரம் நாலு தடவை வாந்தி என்றால் பழகிக்கொள்ள வேண்டிய விஷயமில்லை. வயிற்றுக் குழாய் எங்காவது சுருங்கியிருக்கலாம், ஆபரேஷன் செய்தவர் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று பி1 வைட்டமின். உடம்பில் அதற்குச் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்குச் சீக்கிரம் தீர்ந்து நரம்பையும் மூளையையும் தாக்கும். பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும் வீட்டுக்காரர் முதலில் சொல்ல வேண்டியது இது: "வயிற்று ஆபரேஷன் ஆனவர், வாந்தி இருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றுமுன் பி1 போடுங்கள்." துண்டுச் சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள். உங்கள் ஊசி நூல் விஷயமும் கண்ணாலா, சோர்வாலா என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை தையல்காரி

அக்கா, அண்ணா, சிஸ்டர், மூன்று பேருக்கும் நன்றி. பார்வை சரியாகத்தான் இருக்கிறது, சோர்வுதான். நாளைக் காலை டாக்டரிடம் போகிறேன், எல்லா ரத்தச் சோதனையும் எழுதித் தரச் சொல்வேன். சீட்டு எழுதி பர்ஸில் வைத்துவிட்டேன், என் வீட்டுக்காரரிடம் ஒன்று கொடுத்தேன்.

கால்சியம் அட்டையைப் பார்த்தேன், கார்பனேட். இன்று மதியம் ரசம் ஊற்றாமல், முட்டையைக் குழைவாகக் கிளறி முதலில் சாப்பிட்டேன், கால் மணி நேரம் மென்று. சாதம் இரண்டு வாய்தான் போயிற்று. வாந்தி இல்லை. அம்மாவிடம் கிழங்கான் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போவாராம். அக்கா, அதற்குப் புளி எவ்வளவு போடுவீர்கள்?