குரல் நடிகர் நிற்கும் இடத்திலிருந்தே வர வேண்டும்: வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வள்ளி திருமணம் இசை நாடகத்துக்கு ஒலி அமைப்பு என் பொறுப்பு. வள்ளி இடது ஓரத்தில் நின்று பாடினாலும், வலப்பக்கம் உட்கார்ந்தவருக்குக் குரல் வலது ஸ்பீக்கரிலிருந்துதான் கேட்கிறது. கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். எல்-ஐசா, டி அண்ட் பி சவுண்ட்ஸ்கேப் போன்ற ஒலி அமைப்புகள் இதற்கென்றே வந்தவை, ஆனால் நாடகக் குழுவுக்குக் கட்டுப்படியாகுமா!

முதலில் வந்து சேரும் ஒலியின் திசையைத்தான் காது நம்பும். அதே ஒலி வேறு ஸ்பீக்கரிலிருந்து சுமார் 30 மில்லி செகண்டுக்குள் வந்தால் எதிரொலியாகத் தெரியாது. அதனால் மேடை முகப்பின் மேல் ஐந்து ஸ்பீக்கர் கட்டி, நடிகருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் முதலில் ஒலிக்கும்படி மற்றவற்றுக்கு டிலே (சிறு தாமதம்) வைத்துச் சமாளிக்கலாம் என்று யோசனை. சிக்கல் என்னவென்றால், எங்கள் மிக்சரில் (மைக் ஒலிகளைக் கலக்கும் கருவி) டிலே மைக் வரும் உள்ளீட்டில் அல்லது ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீட்டில்தான் வைக்க முடியும். ஒவ்வொரு மைக்குக்கும் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் தனி டிலே வேண்டுமே. லேப்டாப் மென்பொருளில் இதை யாராவது செய்திருக்கிறீர்களா? அப்புறம், நடிகர் நகரும்போது எப்படி மாற்றுவது, கையாலா, காட்சிக்குக் காட்சி பதிந்து வைத்தா?