புதுப்பிப்பு: எடிட்டிங் மென்பொருளை அப்டேட் செய்தபின் வந்த திணறல் தீர்ந்தது

போன வாரம் எழுதியிருந்தேன்: வீடியோ எடிட்டிங் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியதிலிருந்து 4கே டைம்லைன் திணறுகிறது, ப்ளே அழுத்தினால் படம் உறைந்து ஒலி மட்டும் ஓடுகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. காரணம் பிடிபட்டுவிட்டது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டிப் பார்த்தேன். சிபியு 100 சதவீதத்தில் நிற்கிறது. ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) பகுதியில் 'வீடியோ டீகோட்', அதாவது சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் வேலையைக் காட்டும் கோடு அசையவே இல்லை. எச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோ கோப்பில் பெரும்பாலான ஃப்ரேம்கள் முழுப் படங்கள் அல்ல. பக்கத்து ஃப்ரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள்தான். ஒன்றைக் காட்டவே பலவற்றைப் பிரித்தாக வேண்டும். அந்தச் சுமை முழுவதையும் சிபியு தலையில் கட்டினால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

புதிய பதிப்பு என் பழைய கிராபிக்ஸ் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) ஏற்காமல், சத்தமில்லாமல் சாஃப்ட்வேர் டீகோடிங்குக்கு, அதாவது கார்டை விட்டுவிட்டு சிபியுவே பிரிக்கும் முறைக்கு இறங்கியிருக்கிறது. இதுதான் எனக்கு உண்மையான வருத்தம். ஒரு வரி எச்சரிக்கை காட்டியிருந்தால் மூன்று இரவுகள் வீணாகியிருக்காது. டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாக நிறுவினேன், அமைப்புகளில் ஹார்ட்வேர் டீகோடிங்கை மறுபடி இயக்கினேன், பழைய கேஷ் கோப்புகளையும் அழித்தேன். இப்போது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாக உள்ள வகை) கிளிப்புகள் மட்டும் இன்னும் இழுக்கின்றன. அவை பழைய பதிப்பிலும் இழுத்தவைதான். அந்த வகையை என் கார்டால் பிரிக்க முடியாது, அப்டேட்டைக் குறை சொல்ல இடமில்லை. அவற்றுக்கு ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் எளிதாக ஓடும் நகல்) போட்டுவிட்டேன்.

பழைய பதிப்புக்குத் திரும்பச் சொன்னவர்களுக்கு: புதியதில் சேமித்த ப்ராஜெக்டைப் பழையது திறக்க மறுத்துவிட்டது. அப்டேட்டுக்கு முன் எடுத்த நகல் என்னிடம் இல்லை.