உலாவியில் லினக்ஸ் டெஸ்க்டாப்: பக்கம் திறக்கிறது, திரை மட்டும் இணையவில்லை

கேள்வி

என் லினக்ஸ் கணினியின் டெஸ்க்டாப்பை வெளியிலிருந்து உலாவி வழியாகவே பயன்படுத்த விரும்பி, டைகர்விஎன்சியை (திரையைத் தொலைவிலிருந்து காண உதவும் விஎன்சி முறையின் சேவையகம்) 5901ஆம் போர்ட்டிலும், வெப்சாக்கிஃபையுடன் (உலாவியின் இணைப்பை விஎன்சிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது) நோவிஎன்சியை (உலாவியிலேயே விஎன்சி திரையைக் காட்டுவது) 6080ஆம் போர்ட்டிலும் அமைத்து, அவற்றுக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் சான்றிதழோடு, கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் கடத்தும் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையகத்தை வைத்திருக்கிறேன். முகவரியைத் தட்டியதும் நோவிஎன்சியின் பக்கம் வந்துவிடுகிறது. இணைப்புப் பொத்தானை அழுத்தினால், கடவுச்சொல் கேட்கும் கட்டத்திற்கே போகாமல், சேவையகத்துடன் இணைக்க முடியவில்லை என்ற செய்தி தோன்றுகிறது. விஎன்சியை மூன்று முறை நீக்கி மீண்டும் நிறுவியும் பயனில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில் 1

விஎன்சியை இனித் தொட வேண்டாம். பக்கம் சாதாரண எச்டிடிபி கோரிக்கையில் வந்துவிடும். திரையின் தரவு வருவது வெப்சாக்கெட் என்னும் தனி இணைப்பில். முதலாவது சரியாக இருப்பதால் இரண்டாவதும் சரியாக இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. எஸ்எஸ்எச் சுரங்கம் (மறையாக்கப்பட்ட நேரடி வழி) அமைத்து, உங்கள் மடிக்கணினியின் 6080ஆம் போர்ட்டை அந்தக் கணினியின் 6080உடன் இணைத்து, என்ஜின்எக்ஸைத் தொடாமல் நேரடியாகத் திறந்து பாருங்கள். அத்துடன், உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு, பழைய முகவரியில் வெப்சாக்கெட் கோரிக்கைக்கு என்ன எண் பதிலாக வருகிறது என்றும் சொல்லுங்கள்.

கேட்டவர்

சுரங்கம் வழியாகச் சென்றால் கடவுச்சொல் கேட்டு டெஸ்க்டாப்பும் வந்துவிட்டது. பழைய முகவரியில் 404 வருகிறது.

பதில் 1

அப்படியானால் பிழை என்ஜின்எக்ஸில்தான். வெப்சாக்கெட் தொடங்கினால் 101 வர வேண்டும். உலாவி அனுப்பும் ‘அப்கிரேடு’, ‘கனெக்‌ஷன்’ ஆகிய இரண்டு தலைப்புகளையும் என்ஜின்எக்ஸ் தானாகப் பின்னுக்குக் கடத்தாது. ஆகவே வெப்சாக்கிஃபை அந்தக் கோரிக்கையை ஏதோ ஒரு கோப்பைக் கேட்கும் கோரிக்கையாக எடுத்துக்கொண்டு, கோப்பு இல்லை என்று பதில் சொல்லிவிடுகிறது. என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் அந்த முகவரிக்கான லொகேஷன் பகுதியில் இரண்டு தலைப்புகளையும் வெளிப்படையாக எழுதி, ப்ராக்ஸியின் எச்டிடிபி பதிப்பை 1.1 என்று குறிப்பிட்டு, அமைப்பைச் சோதித்த பிறகு ரீலோடு செய்யுங்கள்.

கேட்டவர்

101 வந்துவிட்டது, நன்றி. ஆனால் இப்போது விசித்திரமான ஒன்றைக் கவனிக்கிறேன்: தட்டச்சு செய்துகொண்டிருக்கும்வரை இணைப்பு நிலைத்திருக்கிறது, ஒரு நீண்ட ஆவணத்தை அசையாமல் படித்தால் துண்டிக்கப்படுகிறது. பேனலில் உள்ள கடிகாரத்தை நொடிகளும் தெரியும்படி மாற்றியதும் துண்டிப்பு நின்றுவிட்டது!

பதில் 1

காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். திரையில் மாற்றம் இல்லாவிட்டால் விஎன்சி எதையும் அனுப்பாது. 60 நொடிகள் பின்னாலிருந்து தரவு வராவிட்டால் என்ஜின்எக்ஸ் இணைப்பை மூடிவிடும், அதுவே அதன் இயல்பு அளவு. ப்ராக்ஸியின் படிப்புக் காலக்கெடுவை ஒரு மணி நேரம், அதாவது 3600 நொடிகள் என உயர்த்திவிட்டால், கடிகாரத்தை வைத்து இணைப்பைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

பதில் 2

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். விஎன்சியின் பழைய கடவுச்சொல் முறையில் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கில் வரும். நீங்கள் 20 எழுத்துகள் வைத்திருந்தாலும் மீதி 12 வீண். எனவே 5901, 6080 இரண்டையும் லோக்கல்ஹோஸ்ட்டில் (அதாவது அதே கணினிக்குள்) மட்டும் கேட்கும்படி கட்டுப்படுத்தி, என்ஜின்எக்ஸில் தனி உள்நுழைவு ஒன்றை வையுங்கள்.

கேட்டவர்

6080 எல்லா முகவரிகளிலும் கேட்டுக்கொண்டிருந்தது; மாற்றிவிட்டேன். கடைசியாக ஒரு சந்தேகம்: மானிட்டரில் நான் திறந்துவைத்த சாளரங்கள் ஏன் உலாவியில் தெரிவதில்லை?

பதில் 2

5901 என்பது 1ஆம் எண் டிஸ்ப்ளே. டைகர்விஎன்சி உங்களுக்காகப் புதிதாக உருவாக்கிய டெஸ்க்டாப். மானிட்டரில் உள்ளது பெரும்பாலும் 0ஆம் எண். அதையே காண வேண்டுமென்றால், எக்ஸ்11 அமர்வில், ஏற்கெனவே உள்ள திரையைப் பகிரும் எக்ஸ்11விஎன்சியைப் பயன்படுத்தலாம். (எக்ஸ்11, வேலண்ட் இரண்டும் லினக்ஸில் திரையைக் கையாளும் வெவ்வேறு முறைகள்.) வேலண்ட் அமர்வில் அது வேலை செய்யாது என்பதால், உள்நுழையும் திரையில் எக்ஸ்11 அமர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.