பினாங்கில் சாவகாசமாக சைக்கிள் மிதிக்க எங்கே போகலாம்?

கேள்வி: பேரனுக்கு ஒன்பது வயசு, எனக்கு முட்டி வலி. மேடு ஆகாது. ஞாயிறு காலையில காடி (கார்) தொல்லை இல்லாத பாதை சொல்லுங்க.

பதில்: குவீன்ஸ்பே கடலோரம் போங்கண்ணே. சமதரை. வடக்கே 1985-ல் திறந்த பழைய பாலம்; எதிரே ஜெரெஜாக் தீவு. கப்பல்ல வந்த நம்மாளுங்களை நோய்க்குப் பயந்து தடுத்து வெச்ச இடம், பேரனுக்குச் சொல்லுங்க. தூண்டில்காரங்களைப் பார்த்துப் போங்க. போன மாசம் தூண்டில் நரம்பு என் பின்சக்கரத்துல சுத்திக்கிச்சு. பல்லால கடிச்சுத்தான் அறுத்தேன், உப்புக் கரிச்சது.

மற்றொருவர்: ஏழுக்குள்ள கிளம்பிடுங்க. அப்புறம் வெயில் மண்டையப் பொளந்துடும்.

கேட்டவர்: நன்றி தம்பி. பசியாற?

பதில்: வீட்டுலருந்தே தேத்தண்ணி கொண்டு போயிடுங்க.