புதுப்பிப்பு: கணினியா, செடிகொடியா?
பிளஸ் டூ முடித்த மகளுக்குத் திறனறித் தேர்வு கணினி என்கிறது, விருப்பத் தேர்வு செடிகொடி என்கிறது, எதை நம்ப என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

விருப்பத் தேர்வு, ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் வேலை விருப்பங்களைப் பிரித்த 6 வகைகளை வைத்தது. பிடிக்குமா என்று மட்டும் கேட்கும். வருமா என்று அளக்காது. இதைத் தேர்வு வைத்த மையம் சொல்லவே இல்லை. காசு மட்டும் கரெக்டாக வாங்கினார்கள்.

சரி என்று ஏற்காடு கூட்டிப்போனேன். 20 கொண்டை ஊசி வளைவில் எனக்குத் தலைசுற்றல். அவளோ அங்கே ஆர்கிட் செடிகள் வளர்க்கும் ஆர்கிடேரியத்தில் ஒரே தொட்டி முன்னால் அரைமணி நேரம் நின்று, வேர் ஏன் காற்றில் தொங்குகிறது என்று அங்கிருந்தவரைக் குடைந்தாள். வேரைச் சுற்றியிருக்கும் வெள்ளை உறைதான் பஞ்சு மாதிரி ஈரத்தை உறிஞ்சுமாம்.

தோட்டக்கலைக்கு விண்ணப்பித்தாயிற்று. கணக்கு-உயிரியல் பிரிவு என்பதால் பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிந்திருக்கிறோம். அவள் அப்பா முகம்தான் இன்னும் தெளியவில்லை.