கேமராவுக்குக் கீழே மாட்டிய புகார்ப் பெட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் ஹெச்.ஆர். வேலை பார்த்தேன். சேர்ந்த புதிதில் புகார்ப் பெட்டியை எப்போது திறந்தாலும் காலியாகத்தான் இருக்கும். பிரச்சினையே இல்லை என்பார் மேனேஜர். ஆடிட்டுக்கு வருகிறவர்களும் பெட்டி இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

செக்கிங்கில் இருந்த ஓர் அக்காதான் சொன்னார்: "நேர் மேல கேமரா இருக்குதுங்க மேடம். யாரு சீட்டுப் போடுவா?"

மறுநாளே பெட்டியைப் பெண்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டினோம். அந்த வாரமே மூன்று சீட்டு. ஒன்று குடிதண்ணீர், ஒன்று ஓ.டி. (ஓவர்டைம்) கணக்கு. மூன்றாவது, லைன் சூப்பர்வைசர் தொட்டுத் தொட்டுப் பேசுகிறார் என்று ஒரு பெண் தன் பெயரோடு எழுதியது.

வழக்கப்படி அதை மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லியே விசாரித்தார். சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. 'பாதுகாப்புக்காக' என்று அவளையே வேறு மாடிக்கு மாற்றினார்கள். பழகாத மெஷின், தைக்கிற பீஸுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் பீஸ் ரேட் கூலி பாதியானது. பத்து நாளில் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். பாலியல் புகார்களை விசாரிக்க கம்பெனிக்குள்ளேயே இருந்த உள்ளகக் குழுவிடம் சீட்டைக் கொடுக்காமல் மேனேஜரிடம் கொடுத்தது நான். இன்றும் அது உறுத்துகிறது.

அப்புறம்தான் வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தை முழுசாகப் படித்தேன். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழு கட்டாயம், அதில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே தெரியும். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியே விடக்கூடாது என்று 16வது பிரிவு சொல்வதும், அவர் எழுதிக் கேட்டால்தான் இடமாற்றம் என்பதும், அதிலும் எதிராளியையே மாற்றலாம் என்பதும் தெரியாமல் இருந்தேன்.

அடுத்த வருஷம் ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர் ஒருத்தி புகார் சொல்ல வந்தாள். தமிழ் எழுத வராது. குழுவின் வெளி உறுப்பினர் ஒடியா தெரிந்த பெண்ணை அழைத்து வந்து, அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டார். உனக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டோம். "நான் என் மெஷினிலேயே இருக்கணும்." சரி என்று அதையும் எழுதி வாங்கி, விசாரணை முடியும்வரை அவள் புகார் சொன்ன சூப்பர்வைசரை வேறு யூனிட்டுக்கு அனுப்பினோம். பெயர் குழுவைத் தாண்டவில்லை. விசாரணைக்கான 90 நாள் கெடுவுக்குள் அவள் லைனிலிருந்தே இரண்டு பேர் தாமாக வந்து சாட்சி சொன்னார்கள். சூப்பர்வைசரை வேலையை விட்டு நீக்கினார்கள். நான் அங்கிருந்து விலகிய நாளிலும் அவள் அதே மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள்.